ஒரே விசையில் ஒரு விளையாட்டு

மார்ச் 2

இன்று திரையில் ஒரு வட்டம் வரைந்தேன். அக்காவுக்கான விளையாட்டை எழுத, படம் வரையும் நிரல்களுக்கான பி5.ஜேஎஸ் என்ற நிரல் தொகுப்பு போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். உலாவியிலேயே இயங்குவதால், அக்கா இருக்கும் இடத்திலுள்ள பழைய மடிக்கணினியில் எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. இதன் மூலமான பிராசஸிங் என்ற நிரல் மொழியை 2001-இல் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் தொடங்கியது, கணினித் துறைக்கு வெளியே இருக்கும் ஓவியர்களையும் மனத்தில் வைத்துத்தான் என்று படித்தபோது சற்றுத் துணிவு வந்தது. நிரலில் 'செட்டப்' என்ற பகுதி ஒரு முறை மட்டும் நடக்கிறது. 'டிரா' விநாடிக்கு 60 முறை நடந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 3

திரையில் கீழே போகப் போக, செங்குத்து இடத்தைக் குறிக்கும் ஒய் மதிப்பு கூடுகிறது என்பதை என் மனம் நாள் முழுவதும் ஏற்க மறுத்தது.

மார்ச் 4

வட்டம் நகர்கிறது என்று நான் நினைத்திருந்தேன், எதுவுமே நகரவில்லை. ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது 'டிரா' நடக்கும் ஒவ்வொரு முறையும், பழைய திரை முழுவதும் அழிக்கப்பட்டு, சற்றுத் தள்ளி இன்னொரு வட்டம் வரையப்படுகிறது. பின்னணியை நிரப்பும் வரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கடந்துபோன வட்டங்கள் எல்லாம் அப்படியே நின்று ஒரு நீண்ட தடமாயின. அதை அழிக்க மனமில்லாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6

பந்து தரைக்குள் அமிழ்கிறது. ஈர்ப்புக்காக ஒவ்வொரு சட்டகத்திலும் திசைவேகத்தோடு 0.5-ஐக் கூட்டுகிறேன், தரையைத் தாண்டினால் திசைவேகத்தை மைனஸ் 0.8-ஆல் பெருக்குகிறேன். முதலில் அழகாகத் துள்ளுகிறது. பிறகு தரையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியபடியே மெல்ல மெல்லக் கீழே இறங்கி மறைந்துபோகிறது. ஐம்பது முறையாவது ஓட்டியிருப்பேன். அந்த நடுக்கத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மார்ச் 7

அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். ஆள்காட்டி விரல் மட்டும் அசைகிறது.

மார்ச் 8

கணினியை மூடிவிட்டு, தாளில் ஒவ்வொரு சட்டகமாகக் கணக்கிட்டேன். தரை 380. பந்து 10 என்ற வேகத்தில் 388-க்கு வந்து நிற்கிறது. திரும்பும்போது வேகம் 8, அதிலும் ஈர்ப்பு அரையைக் குறைக்க, அடுத்த சட்டகத்தில் பந்து 380.5-இல் இருக்கிறது. இன்னும் தரைக்குக் கீழேதான். ஆகவே மேலே ஏறிக்கொண்டிருந்த பந்தை என் நிபந்தனை மறுபடியும் கீழே திருப்புகிறது. 387-க்குப் போகிறது, 382.3-க்கு வருகிறது, மீண்டும் திருப்பப்படுகிறது. எழ முயலும் ஒவ்வொரு முறையும் நானே அதை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். தரையைத் தாண்டிய உடனே பந்தின் இடத்தை 380 என்று வைத்துவிட வேண்டும், கீழ்நோக்கி வரும்போது மட்டுமே திருப்ப வேண்டும். இரண்டு வரிகள்தான். பந்து துள்ளித் துள்ளி அடங்கி, தரையின்மேல் அமைதியாக நின்றது. நான் அழுதுவிட்டேன்.

மார்ச் 10

ஒரே விசை, ஸ்பேஸ் பார். அதை அழுத்தினால் கீழே இருக்கும் தட்டு பந்தை மேலே எறிய வேண்டும்; வேறு எதுவும் வேண்டாம். 1972-இல் வந்த பாங் விளையாட்டில் ஆடுபவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு குமிழைத் திருப்புவது மட்டுமே என்பதால், ஒரு விசை என்பது குறையுள்ள விளையாட்டு ஆகாது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் விசை அழுந்தியிருக்கிறதா என்று ஒவ்வொரு சட்டகமும் கேட்கிறது. அக்காவின் விரல் அரை விநாடி எழாமல் இருந்தால் அது முப்பது அழுத்தங்கள் ஆகிவிடும். எனவே விரல் எடுக்கப்பட்டதா என்பதை நினைவில் வைத்துக்கொள்ள, ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்புகள் கொண்ட ஒரு மாறியைச் சேர்த்தேன்.

மார்ச் 11

பழைய மடிக்கணினியில் விநாடிக்கு 30 சட்டகங்கள்தான் வருகின்றன. பந்து பாதி வேகத்தில் மிதக்கிறது. சட்டகங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, முந்தைய சட்டகத்திலிருந்து எத்தனை மில்லி விநாடி கழிந்தது என்று சொல்லும் டெல்டா டைமைக் கொண்டு எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டும்.

மார்ச் 12

மருத்துவர் இன்றும் தேதி சொல்லவில்லை.

மார்ச் 13

பந்து தட்டைத் தொடும் கணத்தில் அழுத்தினால்தான் பலிக்கும் என்ற விதியை இன்று நீக்கினேன். ஒரு சட்டகம் என்பது ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. அந்தக் கணத்தை ஒருவரிடம் எதிர்பார்ப்பது கொடுமை. தாவும் விளையாட்டுகளில், பாத்திரம் மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் சில சட்டகங்களுக்குள் தாவ அனுமதிப்பது விளையாட்டு உருவாக்குபவர்களின் பழைய வழக்கமாம். கைதேர்ந்த ஆட்டக்காரர்களுக்கே அந்தச் சலுகை உண்டென்றால், அக்காவுக்கு நான் ஒரு முழு விநாடி தருவேன். அழுத்தம் முன்பே வந்துவிட்டால் நினைவில் வைத்திருந்து, பந்து தட்டுக்கு வந்ததும் எறிய வேண்டும். பிந்தி வந்தால் பந்து தட்டின்மேல் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் பந்து நடுங்கவே கூடாது.

மார்ச் 14

பந்து மறுபடியும் தரைக்குள் அமிழ்கிறது. திருத்தி எழுதியபோது 380 என்று வைக்கும் அந்த வரியை விட்டுவிட்டேன். நள்ளிரவில் கண்டுபிடித்தேன்.

மார்ச் 15

தேதி சொல்லிவிட்டார்கள். நாளை மறுநாள் காலை.

மார்ச் 16

மடிக்கணினியைக் கட்டிலின் குறுக்கே பலகை வைத்து அதன்மேல் வைத்தோம். விரலுக்கு நேராக ஸ்பேஸ் பார் வரும்படி நகர்த்த வேண்டியிருந்தது. முதல் பந்து தட்டின்மேல் வந்து, நடுங்காமல், காத்திருந்தது. அக்கா அழுத்தினாள். மேலே போன பந்தைக் கண்களால் தொடர்ந்தாள். இரண்டாவதும் மூன்றாவதும் பட்டன. நான்காவது பந்து தட்டுக்கு வரும் முன்பே அவள் அழுத்திவிட்டாள்.