பேட்டர்னுக்கு முன்னால் துணியின் அகலம்

திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களில் பேட்டர்ன் மாஸ்டராக, அதாவது துணி வெட்டுவதற்கான தாள் வடிவங்களை வரைபவராக, நீண்ட காலம் இருந்துவிட்டு ஈரோட்டில் சிறிய தையற்கூடம் ஒன்றைத் தொடங்கிய பிறகு, பள்ளி ஆண்டு விழாக்கள், கல்லூரி நாடகங்கள், ஊர்த் திருவிழாக்களில் ஆடும் கூத்துக் குழுக்கள், எப்போதாவது ஒரு கண்காட்சிக்கூடத்துப் பொம்மைகள் என்று வரலாற்று உடைகளே என் வேலையின் பெரும்பகுதி ஆகிவிட்டன. ஏற்றுமதி வேலையில் நெஞ்சளவு, தோளளவு, கை நீளம், கழுத்தின் ஆழம் எல்லாம் அங்குலக் கணக்கில் எழுதப்பட்ட ஸ்பெக் ஷீட் ஒன்று வாங்குபவரிடமிருந்து வந்துவிடும். அதற்கு ஏற்ப பேட்டர்ன் போட்டு, மற்ற சைஸ்களுக்குப் பெருக்கிச் சுருக்கும் கிரேடிங் செய்து, துண்டுகளைத் துணியில் அடுக்கிக் காட்டும் மார்க்கர் இட்டால் மாஸ்டரின் பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். வரலாற்று உடைக்கு ஸ்பெக் ஷீட் கிடையாது. வாடிக்கையாளர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்; அது பெரும்பாலும் திரைப்படத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். ஆகவே எந்தப் பேட்டர்னை எடுப்பது, எந்த நூலை எதற்கு நம்புவது என்று முடிவு செய்வதே இந்த வேலையின் கடினமான பகுதி.

ஆடி மாதம் நெருங்கும்போது தீரன் சின்னமலை நாடகத்துக்கான ஆர்டர்கள் வரத் தொடங்கும். ஓடாநிலையிலும் சங்ககிரியிலும் நினைவு நாள் கொண்டாடும் வழக்கம் இருப்பதால், சுற்றுவட்டாரப் பள்ளிகளில் அந்த நாடகம் ஏறாத ஆண்டு அரிது. ஒரு பள்ளி ஆசிரியை வந்து, "ஏனுங்க மாஸ்டர், வெள்ளைக்காரத் துரைக்குக் காக்கிச் சட்டையும் அந்த வட்டத் தொப்பியும் இருந்தாப் போதுமுங்களா?" என்று கேட்டார். சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டது 1805-ஆம் ஆண்டு. காக்கி சீருடை பிரிட்டிஷ் இந்தியப் படையில் நுழைந்ததோ 1840-களின் பிற்பகுதியில், அதுவும் வடமேற்கு எல்லையில் இருந்த ஒரு படைப்பிரிவில். அந்த வட்டத் தொப்பியான சோலா தொப்பியும் சின்னமலையின் காலத்துக்குப் பின்னர் பரவியதுதான். "துரைக்குச் சிவப்புக் கோட்டுங்க டீச்சர், கழுத்துவரைக்கும் நிக்கிற காலர் வேணுமுங்க" என்றேன். எந்த ஆண்டு என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் நான் புத்தக அலமாரிப் பக்கம் போவதில்லை. ஆண்டு தெரிந்துவிட்டால் அலமாரியில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் அந்த வேலைக்கு உதவாதவை என்று தானாகவே தெரிந்துவிடும்.

அந்தச் சிவப்புக் கோட்டுக்கு நான் எடுப்பது நோரா வா (Norah Waugh) 1964-இல் வெளியிட்ட, 1600 முதல் 1900 வரையிலான ஆண்கள் உடைகளின் வெட்டைப் பற்றிய ஆங்கில நூல். அதே ஆண்டில் முதல் தொகுதி வெளிவந்த ஜேனட் அர்னால்டின் 'பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்' வரிசையைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது அருமையான வரிசைதான். ஆனால் அதன் முதல் இரண்டு தொகுதிகளும் ஆங்கிலேயப் பெண்களின் உடைகளைப் பற்றியவை, மூன்றாவது 1560 முதல் 1620 வரையிலான காலத்தைப் பற்றியது என்பதால் 1805-இன் கோட்டை அங்கே தேடிப் பயனில்லை. நூலின் புகழைவிட அதன் கால எல்லையை முதலில் பார்க்கிறேன்.

இந்த இருவரின் நூல்களையும் படங்கள் நிறைந்த பெரிய அட்டை நூல்களிலிருந்து வேறுபடுத்துவது ஒன்றுதான்: அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் உண்மையான உடைகளை மேசையில் விரித்து அளந்து, ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் சிறிய அளவில் வரைந்திருக்கிறார்கள். அர்னால்டின் படங்கள் எட்டில் ஒரு பங்கு அளவில், கட்டத் தாளின்மேல் வரையப்பட்டவை. அவற்றை பிரவுன் ஷீட்டில் அங்குலக் கட்டம் போட்டு முழு அளவுக்குப் பெருக்கிக்கொள்ளலாம். பேட்டர்ன் மாஸ்டர் ஒருவருக்கு இது பழகிய வேலைதான். ஆனால் அந்தப் படங்களில் தையலுக்கான ஓரம் சேர்ந்திருக்காது என்பதையும், அவை எந்த சைஸுக்கும் உரியவை அல்ல, என்றோ வாழ்ந்த குறிப்பிட்ட ஒருவரின் உடம்புக்கு உரியவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அக்காலத்துக் கோட்டின் முதுகு மிகக் குறுகலாக இருக்கும். ஷோல்டர் தையல் தோளின் மேலே அமையாமல் முதுகுப் பக்கம் சரிந்திருக்கும். கை பின்னோக்கிப் பொருத்தப்பட்டு முழங்கையில் வளைந்திருக்கும். தோள்களைப் பின்னுக்கு இழுத்து நிமிர்ந்து நிற்கப் பழகியவர்களுக்காக வெட்டப்பட்ட கோட்டு அது. டி-ஷர்ட்டைப் பெரிதாக்குவதுபோல் நான்கு பக்கமும் அரை அங்குலம் கூட்டினால் அந்த முதுகு கெட்டு, பேண்டு வாத்தியக்காரர் கோட்டு ஆகிவிடும். ஆகவே முதலில் வெளுக்காத முரட்டுப் பருத்தியான காடா துணியில் ஒரு சாம்பிள் தைத்து, நடிக்கும் மாணவருக்குப் போட்டுப் பார்த்து, பெருக்க வேண்டியதைப் பக்கவாட்டுத் தையலில் மட்டும் பெருக்குகிறேன். விசைத்தறிகள் ஓடும் இந்த வட்டாரத்தில் காடாவுக்குப் பஞ்சமில்லை என்பது ஒரு வசதி.

நூல் சொல்லாமல் விட்டுவிடக்கூடிய இன்னொன்று உண்டு. அந்தக் கோட்டுகளுக்குப் பயன்பட்ட கம்பளித் துணி, நெய்தபின் நனைத்து அடித்துத் திக்காக்கப்பட்டது. அதன் வெட்டிய ஓரம் நூல் பிரியாது. அதனால் கோட்டின் விளிம்பை மடித்துத் தைக்காமல் அப்படியே விட்டிருப்பார்கள், விளிம்பும் கத்தியால் அரிந்ததுபோல் மெல்லிதாக நிற்கும். நமக்குக் கிடைக்கும் பாலியெஸ்டர் சூட்டிங் துணியை அப்படி விட முடியாது. மடித்துத் தைத்தால் விளிம்பு தடித்து, வெட்டு சரியாக இருந்தும் தோற்றம் கெடுகிறது. பள்ளி நாடகத்துக்கு இந்தக் குறையோடு கொடுத்துவிடலாம். கண்காட்சிக்கூடத்துக்கு முடியாது, அங்கே கம்பளியின் விலையை வாடிக்கையாளர் ஏற்றே ஆக வேண்டும்.

கடைகளில் விற்கும் தாள் பேட்டர்ன்களை நான் ஒதுக்குவதில்லை. பல சைஸ்களில் தாள் பேட்டர்ன் விற்கும் வணிகத்தை அமெரிக்காவில் பட்டரிக் என்ற தையற்காரர் 1863-இல் தொடங்கியது முதல், உடம்பின் அளவுகளை ஒழுங்காகப் பிரித்துக் கொடுப்பதில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் அவற்றில் 'காஸ்ட்யூம்' வகை என்று விற்கப்படுவது அட்டைப் படத்தின் தோற்றத்தை இன்றைய ரவிக்கை வெட்டின்மேல் ஏற்றிய ஒன்றுதான்: பின்னால் ஜிப், முன்னால் டார்ட் (உடம்புக்குப் பொருந்தத் தைக்கும் முக்கோண மடிப்பு), பளபளக்கும் சாட்டின். ஜிப் இன்றைய வடிவத்தை அடைந்ததே 1913-ஐ ஒட்டித்தான். மேடையிலிருந்து எட்டு அடி தள்ளி உட்காரும் பார்வையாளருக்கு அதில் ஒன்றும் தெரியாது. உடை மாற்ற அரை நிமிடமே இருக்கும் நாடகத்தில் ஜிப் ஒரு வரம். ஆகையால் அத்தகைய பேட்டர்னில் சைஸை மட்டும் எடுத்துக்கொண்டு, தையல் கோடுகளை வா, அர்னால்டு படங்களுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்வதே என் வழக்கம்.

எந்த நூலை எடுத்தாலும் அது துணியின் அகலத்தைச் சொல்கிறதா என்றுதான் நான் முதலில் தேடுவேன். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பட்டு ஏறக்குறைய இருபது அங்குல அகலத்தில் நெய்யப்பட்டது. அதனால் அக்காலத்துப் பெண்கள் கவுனின் பாவாடையில் இருபது அங்குலத்துக்கு ஒரு தையல் விழும். மடிப்புகளும் அந்தத் தையல்களை ஒளிக்கும் விதத்தில் அமைந்திருக்கும். நாம் 58 அங்குலத் துணியை வாங்கி அதே கவுனை வெட்டினால் தையல்கள் காணாமல் போகின்றன, கூடவே பாவாடை விழும் விதமும் மாறிவிடுகிறது. இந்தியத் தைத்த உடைகளுக்கு இது இன்னும் பொருந்தும். பழைய அங்கிகள் பெரும்பாலும் தறியின் அகலத்தை வீணாக்காமல் நீள் சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் வெட்டப்பட்டவை. அக்குளில் சேர்க்கும் சிறு சதுரத் துண்டே கையை உயர்த்த இடம் கொடுக்கும். கை சேரும் இடத்தில் வளைவான ஆர்ம்ஹோல் போட்டுத் தைத்த 'அரசர் அங்கி' எவ்வளவு ஜரிகை வைத்தாலும் இன்றைய குர்தாவாகத்தான் தெரியும்.

நம் ஊர் உடைகளில் பெரும்பாலானவை தைக்கப்படாதவை. சேலைக்கும் வேட்டிக்கும் வெட்டுத் துண்டுகள் இல்லாததால், நீளம், அகலம், கரையின் பருமன், நூலின் தடிப்பு, கட்டும் முறை ஆகியவைதான் அவற்றின் பேட்டர்ன். ஜி. எஸ். குர்யே 1951-இல் எழுதிய இந்திய உடை பற்றிய நூல் படங்களும் வரலாறும் நிறைந்தது. எனினும் தைப்பவனுக்கு அது பாதி வழிதான் காட்டும். ரோஷன் அல்காசியின் பண்டைய இந்திய உடை நூல் எனக்கு அதிகம் பயன்படுகிறது, ஏனென்றால் அவர் நாடகங்களுக்கு உடை அமைத்தவர். சிற்பத்தில் தெரியும் மடிப்பை மனித உடம்பில் எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வியோடு வரைந்திருக்கிறார். சேலை கட்டும் முறைகளுக்குச் சாந்தால் புலாஞ்சே 1997-இல் வெளியிட்ட நூல் படிப்படியாக வரைபடம் காட்டுகிறது. ஆனாலும் பின்கொசுவத்துக்கு எந்த நூலும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஈடாகாது. நூறு ஆண்டுக்கு முந்தைய கொங்குக் குடியானவர் வீட்டை மேடையில் காட்ட வந்த கல்லூரிக் குழுவிடம், நூலைக் கொடுப்பதற்கு முன்னால் சென்னிமலைப் பக்கத்துத் தோட்டத்து அப்பத்தா ஒருவரிடம் ஒரு மத்தியானம் உட்கார்ந்து கட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்த மாணவிகள், தாங்கள் கொண்டுவந்திருந்த மெல்லிய செயற்கைப் பட்டில் கொசுவம் நிற்பதில்லை என்பதைத் தாங்களாகவே கண்டுகொண்டிருந்தார்கள். நெகமத்துப் பருத்திச் சேலையை வாங்கியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கோயில் சிற்பங்களைப் பார்த்துத் தையுங்கள் என்று சொல்பவர்கள் நிறைய. நல்ல யோசனைதான். ஆனால் பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கனகசபைத் தூண்களில் இடைக்கச்சும் தொங்கல்களும் எவ்வளவு நுட்பமாகச் செதுக்கப்பட்டிருந்தாலும், அந்த மண்டபம் 17-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் எழுந்தது. கரிகாலன் காலத்து நாடகத்துக்கு அதைப் பார்த்து உடை தைத்தால் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு இடைவெளி விழுந்துவிடும். அதற்கு முந்தைய நூற்றாண்டின் விஜயநகரக் காலத்துக்கு உடை வேண்டுமென்றால் ஆந்திரத்து லேபாட்சிக் கோயில் ஓவியங்களின் படத்தொகுப்பு கைகொடுக்கும். வண்ணத் துணி வகைகளையும் உயர்ந்த குல்லாயி தொப்பியையும் அங்கே தெளிவாகக் காணலாம். சங்க காலத்துக்கோ துணியைவிட அணிகலனில்தான் உறுதியாகக் காலூன்ற முடிகிறது: பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இன்று சென்னிமலைக்கு அருகில் உள்ள கொடுமணல்தான் என்று கொள்ளப்படுகிறது, அங்கே அகழ்ந்தெடுத்த பச்சைக்கல், சூதுபவள மணிகளின் படங்கள் அச்சில் கிடைக்கின்றன. ஆகவே அந்த வகை ஆர்டருக்கு மணிமாலையைக் கவனமாகவும் வேட்டியை எளிமையாகவும் செய்துவிடுகிறேன். வெல்வெட்டும் சம்கியும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. மேடை நாடக மரபுக்கு அதுவும் ஒரு வரலாறு, அந்த வரலாற்றைத்தான் தைக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

சிப்பாய் உடைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லா மூலங்களையும் சேர்த்துப் பார்க்க வைத்த வேலை அதுதான். 1800-ஐ ஒட்டிய மதராஸ் படைச் சிப்பாய்க்குச் சிவப்புக் குறுஞ்சட்டை, தொடையோடு முடியும் கால்சட்டை, வெறுங்கால். இதைத் தஞ்சாவூரில் ஐரோப்பியருக்காக உள்ளூர் ஓவியர்கள் அக்காலத்தில் வரைந்த கம்பெனி ஓவியங்கள் நன்றாகக் காட்டுகின்றன, ஆனால் அவற்றில் முதுகுப் பக்கம் கிடையாது. 1790-களில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படையோடு மைசூர் வந்த ராபர்ட் ஹோமின் ஓவியங்களில் கூட்டமாக நிற்பவர்கள் பல கோணங்களில் தெரிகிறார்கள். வெட்டு அங்கும் தெரியாது. வெட்டுக்கு மறுபடியும் வாவின் நூலுக்கே வர வேண்டியிருந்தது, குறுஞ்சட்டையின் முதுகு கோட்டின் முதுகோடு ஒரே குடும்பம் என்பதால். தலைப்பாகையில் மட்டும் ஓராண்டு பிசகினாலும் கதையே மாறிவிடும். 1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைமை தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையைக் கட்டாயமாக்கியது, நெற்றிக்குறியையும் தாடியையும் தடை செய்தது; 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூரில் வெடித்த கிளர்ச்சிக்கு அந்த ஆணை உடனடிக் காரணமாயிற்று. சின்னமலை நாடகம் அதே 1805-இன் ஜூலையில் முடிந்துவிடுகிறது. எனவே அதில் வரும் சிப்பாய்களுக்குப் பழைய தலைப்பாகைதான் கட்ட வேண்டும்; வேலூர்க் கிளர்ச்சி நாடகத்துக்குத் தைத்து வைத்த தலைப்பாகைகளைச் செலவு மிச்சம் என்று இங்கே எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று கூடத்தில் இருக்கும் பெண்களிடம் சொல்லி, இரண்டையும் தனித்தனி மூட்டையில் ஆண்டு எழுதிய சீட்டோடு கட்டி வைத்திருக்கிறேன்.