முதலில் கார்டைப் பிரதி எடுங்கள்

அப்பாவின் கோபோ குளோ, அவர் மின்னூல் வாசிக்கும் கருவி, மூன்று நாட்களாக எழும்பவில்லை. பவர் பொத்தானைத் தள்ளினால் திரை ஒருமுறை வெளுக்கும், புள்ளிகள் ஓடும், பிறகு மறுபடியும் முதலிலிருந்து. செய்தது நான்தான்.

2012இல் வெளிவந்த கருவி அது. கனடாவிலிருந்து மாமா அனுப்பியது. அதன் சொந்த மென்பொருளில் நான் ஏற்றிய தமிழ் நூல்களின் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டாமல் சிதறி நிற்கும். அதற்காகவே கோரீடர் என்ற வேறொரு வாசிப்பு மென்பொருளைப் போட்டேன்; அதில் ‘கொழுந்து’ கொழுந்தாகவே தெரியும். அத்தோடு விட்டிருக்க வேண்டும். கோபோ மென்பொருளின் வேறொரு பதிப்புக்காக எழுதப்பட்ட பேட்ச் ஒன்றையும், அதாவது மென்பொருளை மாற்றும் சிறு திருத்தத்தையும், ஏற்றிவிட்டேன். இந்தப் பேட்சுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுபவை.

கருவியை ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புவது எளிது. உள்ளே இருக்கும் 2 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில் மூன்று பகுதிகள் உண்டு: இயங்கும் மென்பொருள், அதன் மூலப்பிரதி, நம் நூல்கள். லைட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பவரைத் தள்ளினால் மூலப்பிரதி முதல் பகுதிக்குத் திரும்பும். ஆனால் நூல்களின் பகுதி துடைக்கப்பட்டுவிடும். எனக்கு அங்கேதான் கை நடுங்கியது.

அப்பா இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். கண் புரைச் சிகிச்சைக்குப் பிறகு பெரிய எழுத்தில் வாசிக்கத் தொடங்கி, பிடித்த வரிகளையெல்லாம் விரலால் இழுத்துக் குறித்து வைத்திருந்தார். நூலை மறுபடி இறக்கலாம், அந்தக் குறிப்புகளை எங்கே இறக்குவது?

பழைய வங்கி அட்டையை விளிம்பில் நுழைத்துப் பின்மூடியைக் கழற்றினேன். கார்டை மடிக்கணினியில் செருகி, கோப்புகளை மட்டுமல்ல, கார்டு முழுவதையும் முதல் பைட்டிலிருந்து ஒரே கோப்பாகப் பிரதி எடுத்தேன். முதல் பகுதிக்கும் முன்னால் உள்ள இடத்தில்தான் கருவியை எழுப்பும் நிரலும் தொடர் எண்ணும் இருக்கின்றன. சாதாரணப் பிரதியில் அவை வராது. விண்டோஸில் செருகுபவர்கள் கவனியுங்கள்: கார்டை ஃபார்மட் செய்யவா என்று அது கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதியில் மின்சாரம் போனது, மழை தகரத்தில் கொட்டியது. மடிக்கணினியின் பேட்டரி தாங்கியது.

பிறகுதான் பொத்தான்களில் கை வைத்தேன். சில நிமிடங்களில் மொழி கேட்கும் திரை வந்தது, பெட்டியிலிருந்து எடுத்த அன்று இருந்த பழைய பதிப்போடு. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் புதுப்பித்து, இம்முறை கோரீடரை மட்டும் போட்டேன். ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்தில் எஸ்டிஆர் என்று முடியும் கோப்புறையில் அது குறிப்புகளைச் சேமிக்கிறது. பிரதியிலிருந்து எடுத்துப் பழைய இடங்களிலேயே வைத்தேன்.

அப்பா திறந்து பார்த்தார். குறித்த வரிகள் சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தன.

“எழுத்த இன்னும் ஒரு சுத்து பெருசாக்குப்பா” என்றார், ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு.