தக்காளியின் நிறம்

வேலையில் சேர்ந்த புதிதில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வைத்திருந்தேன். ஸ்பெயினின் தெற்கே, அல்ஹெசிராஸ் துறைமுகத்து மார்க்கெட். 1935-இல் கட்டி முடித்தது. விளிம்பில் எட்டே தூண்கள். உள்ளே 47 மீட்டருக்கு மேல் ஒரு தூண்கூட இல்லாமல் கவிந்திருக்கும் கான்கிரீட் கூரை. உச்சியில் அதன் கனம் வெறும் 9 சென்டிமீட்டர். நம் வீட்டு மொட்டைமாடித் தளம்கூட இதைவிடத் தடிமன்.

அதைக் கணக்கிட்ட பொறியாளர் எதுவார்தோ தொரோஹா. இப்படிப்பட்ட கூரை தூண்களை வெளிப்பக்கம் தள்ளும். அதனால் தூண்களின் தலைகளைச் சுற்றி வளைத்து இரும்புக் கம்பிகளால் கட்டி, முறுக்கி இறுக்கினார்கள். இறுக இறுக, கூரை மெல்ல நிமிர்ந்து, கான்கிரீட்டைத் தாங்கி நின்ற தற்காலிகச் சாரமான சென்ட்ரிங்கை விட்டுத் தானாகவே மேலெழும்பியது. சைட்டில் இதைச் சொன்னபோது மேஸ்திரி சிரித்தார். "கதை விடாதீங்க சார்."

அப்புறம் எனக்கே ஒரு மார்க்கெட் வேலை வந்தது. சின்ன ஊர், தினசரிச் சந்தை. குவிமாடத்துக்கெல்லாம் எஸ்டிமேட்டில் இடமில்லை. சரி, தூண்களையாவது குறைப்போம் என்று நீளமான இரும்பு டிரஸ் (முக்கோணம் முக்கோணமாகக் கோத்த கூரைச் சட்டம்) போட்டு, மேலே ஷீட் வேய்ந்தோம். வெளிச்சத்துக்கு இடையிடையே நீல ஃபைபர் ஷீட். நீலம் என் தேர்வு. கம்ப்யூட்டர் படத்தில் அழகாக இருந்தது, வேறு காரணம் இல்லை.

திறந்து இரண்டு வாரம் கழித்துப் போனேன். காலை பத்தரை மணி, வெளியே நல்ல வெயில். உள்ளே கடைக்குக் கடை குண்டு பல்பு எரிகிறது. காய்கறிக்கார அம்மா ஒருவர் ஒரு தக்காளியை எடுத்துக்கொண்டு என்னை வாசலுக்குக் கூட்டிப் போனார். வெயிலில் அது செக்கச்செவேல் என்றிருந்தது. மறுபடி உள்ளே கொண்டுபோய்க் காட்டினார். கத்தரிக்காய்க்குத் தம்பி மாதிரி ஒரு நிறம்.

"இந்த வெளிச்சத்துல என் தக்காளிய நானே வாங்க மாட்டேன் தம்பி."

அலுவலகம் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தேன். கூரையின் நட்டநடுவில் பத்து மீட்டர் அகலத்துக்குக் கண்ணாடி. வெளிச்சம் நேராகச் சாமான்கள் மேல் இறங்க வழி விட்டிருக்கிறார்கள். தூண்களை எண்ணிக்கொண்டிருந்தவன் கண்ணில் இது பட்டதே இல்லை. படமும் கறுப்பு வெள்ளை வேறு.

ஷீட்டை மாற்ற மறு எஸ்டிமேட் போட்டு, அனுமதி வர எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை அந்த அம்மா வாசல் படிக்கட்டில்தான் கடை போட்டார்.