கீமோ யூனிட்டில் பேண்ட் 5-ஐத் தாண்டுவது

இங்கிலாந்தில் நர்ஸ் பதிவு எண் (நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. தரும் PIN) கைக்கு வந்ததும், ஊரிலிருந்து வந்த நர்ஸ்களான நாம் பெரும்பாலும் பேண்ட் 5-இல்தான், அதாவது அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.-இல் பதிவு பெற்ற நர்ஸின் தொடக்கச் சம்பளப் படியில்தான், சேர்கிறோம். ஊரில் பத்து வருடம் புற்றுநோய் வார்டு பார்த்தவருக்கும் அதே இடம்தான். தொடக்கம் அப்படி இருப்பதில் குறை இல்லை. வருடக்கணக்கில் அங்கேயே நிற்க வைப்பதுதான் அநியாயம். 2015 முதல் என்.எச்.எஸ். எடுத்துவரும் டபிள்யூ.ஆர்.இ.எஸ். என்னும் இனச் சமத்துவக் கணக்கே இதைச் சொல்கிறது: ஷார்ட்லிஸ்ட் ஆனவர்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. விண்ணப்பத்தில் தேறியவர்களை இன்டர்வியூ அறையில்தான் இழக்கிறோம்.

மேலே போக முதல் வேலை, யூகான்ஸ் (பிரிட்டன் புற்றுநோய் நர்ஸ்கள் சங்கம்) வகுத்த கீமோ பாஸ்போர்ட், அதாவது கீமோ கொடுக்கும் திறனைக் காட்டும் பதிவேடு. பாடப் பகுதியை முடித்து, அசெசர் (திறனைச் சோதித்துக் கையெழுத்திடுபவர்) பக்கத்தில் நிற்க மருந்து ஏற்றிக் காட்டி, பிறகு வருடந்தோறும் மறுமதிப்பீடு. ஊர் அனுபவத்துக்காக யாரும் இதில் கையெழுத்துப் போட மாட்டார்கள். அசெசர் ஷிப்டும் நம் ஷிப்டும் ஒத்துவராமல் மாதங்கள் ஓடிவிடுவதுதான் வழக்கமான சிக்கல். வாயால் கேட்டால் ‘அடுத்த ரோஸ்டரில் பார்க்கலாம்’ என்பார்கள். அப்ரைசல் (வருடாந்தர வேலை மதிப்பீடு) தாளிலேயே அசெசர் பெயர், தேதி இரண்டையும் எழுத வையுங்கள். கட்டாயமல்லாத பயிற்சி யாருக்குக் கிடைக்கிறது என்பதும் டபிள்யூ.ஆர்.இ.எஸ். பார்க்கும் விஷயம்தான், தயங்காமல் அதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்.

விண்ணப்பத்தில், கட்டாயத் தகுதிகள் என்று போட்டிருப்பவற்றை அதே வரிசையில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று எழுதுங்கள். ‘டிரையாஜ் (நோயின் அவசரத்தைத் தரம் பிரிக்கும்) அனுபவம் உண்டு’ என்றால் மதிப்பெண் விழாது. ‘கீமோ முடிந்து பத்தாம் நாள் 38.2 டிகிரி காய்ச்சலோடு போன் செய்தவரை டிரையாஜ் தாளில் சிவப்பில் குறித்து, உடனே வரச் சொல்லி, வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறுவதை உறுதி செய்தேன்’ என்றால் விழும். அடக்கமாக ‘டீமாகச் செய்தோம்’ என்று பேசி மதிப்பெண்ணை விடுகிறவர்கள் நம்மில் அதிகம். உங்கள் கை செய்ததை உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள்.

இன்டர்வியூவில், ஏற்றும் மருந்து நரம்புக்கு வெளியே கசிவதைப் பற்றிக் கேட்க வாய்ப்பு அதிகம். டாக்ஸோருபிசின் என்ற கீமோ மருந்து என்றால் உடனே நிறுத்தி, கேனுலாவை (நரம்பில் செருகிய குழாயை) எடுக்காமல் அதன் வழியே முடிந்த அளவு உறிஞ்சி, இடத்தைச் சுற்றிப் பேனாவால் வரைந்து, குளிர் ஒத்தடம். முறிவு மருந்தான டெக்ஸ்ராசாக்ஸேன் கொடுக்க முடிவானால் 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்பே ஒத்தடத்தை எடுத்துவிட வேண்டும். வின்கிரிஸ்டின் என்றால் ஒத்தடம் சூடாக.

அதோடு நிறுத்தாதீர்கள். பாடங்கள் ‘சிவந்திருக்கிறதா பார்’ என்றே பழக்குகின்றன. கறுத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். பக்கத்துத் தோலைவிடக் கருமையோ ஊதாவோ ஏறியிருக்கிறதா, தொட்டால் சூடா, இறுகியிருக்கிறதா, எரிகிறதா என்று பார்க்க வேண்டும். கதிர்வீச்சுப் புண்ணுக்கும் இதே கவனம் வேண்டும். இதைத் தவறவிட்டால் பாதிக்கப்படுவது நோயாளி. யூனிட்டில் எல்லா இனத்தவரும் பொறுப்பான இடங்களில் இருக்க வேண்டும் என்று நாம் வாதாடுவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

மேனேஜர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பிரசவ விடுப்பில் ஒரு பேண்ட் 6 (அடுத்த படியிலுள்ள சீனியர் நர்ஸ்) போனால், அந்த இடத்துக்குத் தற்காலிகமாக யாரையாவது காபி அறைப் பேச்சிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து நிரந்தர வேலைக்கு விளம்பரம் வரும்போது, அந்த ஆறு மாதம்தான் ‘அனுபவம்’ ஆகிவிடுகிறது. தற்காலிக இடத்தையும் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அறிவித்து, எழுத்தில் விண்ணப்பம் வாங்கட்டும். இருவர் சமத் தகுதியில் வந்தால், குறைவாக இடம்பெற்ற பிரிவினரைத் தேர்ந்தெடுக்க 2010 சமத்துவச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு வழிவிடுகிறது. பேனல்கள் பல இதைத் தொடுவதே இல்லை.

வேலை கிடைக்கவில்லையா? ‘இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும்’ என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். கேள்விவாரியாக மதிப்பெண் கேளுங்கள், மின்னஞ்சலில். குறைந்த கேள்வி எதுவோ, அதற்கான பயிற்சியை அடுத்த அப்ரைசலில் எழுத வையுங்கள்.