எவ்சோன் வீரரின் ஃபுஸ்தனெல்லா, ஆறில் ஒரு அளவில்: இரண்டாவது சுற்று

ஏதென்ஸ் சின்டாக்மா சதுக்கத்தில் காவல் நிற்கும் எவ்சோன் வீரர்களின் ஃபுஸ்தனெல்லா என்ற வெள்ளைப் பாவாடைக்குச் சுமார் 30 மீட்டர் துணி, 400 மடிப்பு. அதைப் பொம்மைக்குத் தைப்பதுதான் இங்கே வேலை. ஒட்டோமான் ஆட்சியின் 400 ஆண்டுகளைக் குறிப்பவை என்பார்கள். 30 செ.மீ. பொம்மையில் 400 வைக்க முயல வேண்டாம்; 100 போதும், கண்ணுக்கு நிறைவாகவே இருக்கும்.

முதல் சுற்றில் ஒரு மீட்டர் நேர்த்துண்டைக் கொசுவி இடுப்பில் கட்டியதில் பாவாடை குழாய் மாதிரி நேராகத் தொங்கியது. காரணம் வெட்டில் இருக்கிறது: இடுப்பில் எவ்வளவு துணியோ அவ்வளவுதான் விளிம்பிலும். அசலில் முக்கோணத் துண்டுகளை இணைத்துத் தைப்பதால்தான் அந்த விரிவு.

இந்த முறை பார்ட் பாவாடை போல 20 துண்டுகள். மெல்லிய வெள்ளை வாயில் (voile) துணி, உயரம் 9.5 செ.மீ., மேல் அகலம் 5, கீழ் அகலம் 7.5, தையலுக்குப் பக்கத்துக்கு 3 மி.மீ. கூடுதல். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் நேர் இழை, மறுபக்கம் சாய்வு. சாய்வையும் சாய்வையும் சேர்த்தால் தையல் இழுபட்டுத் தொங்கிவிடும். ஒன்றின் நேர்ப்பக்கத்தோடு அடுத்ததன் சாய்வுப்பக்கத்தைச் சேருங்கள்.

விளிம்பை மடித்துத் தைத்தால் இந்த அளவில் கயிறு போலத் தடிக்கும். வெள்ளைப் பசை ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து விளிம்பின் வெட்டுக்கோட்டின் மேல் தடவி, காய்ந்தபின் வெட்டினால் நூல் பிரியாது.

இனி மடிப்பு. இடுப்புக் கோட்டில் 8 மி.மீ., 2 மி.மீ. என மாறி மாறிப் புள்ளி வையுங்கள். 8 உள்ளே மறையும், 2 வெளியே தெரியும். 100 மடிப்புக்குச் சரியாக 20 செ.மீ. இடுப்பு. ஒவ்வொரு தையலும் 8 மி.மீ. பகுதியின் நடுவில் விழும்படி தொடங்கினால் இணைப்பு ஒன்றுகூட வெளியே தெரியாது. இதில் பொறுமை காட்டினால் பாதி வேலை முடிந்தது. இரண்டு வரிசை நூலோட்டி இறுக்கி, நீர்த்த அரிசிக் கஞ்சியில் நனைத்து, மேலிருந்து கீழாக மடிப்புகளை விரலால் ஒவ்வொன்றாக நீவி, மேற்பக்கம் மட்டும் இறுகக் கட்டி இரவு முழுக்கக் காயவிடுங்கள். கெட்டிக் கஞ்சி வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைப் பொடியாக உதிரும்.

அடுத்து சரூஹி காலணி. அசலில் ஒவ்வொன்றின் அடியிலும் சுமார் 60 ஆணிகள். அவற்றை ஊசிமுனையால் வெள்ளிச் சாயப் புள்ளிகளாக வைக்கலாம். முனையிலுள்ள கறுப்புக் குஞ்சத்துக்குப் பட்டு நூலை முள்கரண்டியில் 40 சுற்று சுற்றி, நடுவில் கட்டி வெட்டிப் பார்த்தாயிற்று, 12 மி.மீ. உருண்டை கிடைக்கிறது.