வெள்ளிக்கிழமை மட்டும் பறக்கும் வைஃபை

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேர் முடிந்து ஒரு கிழமை இருக்கும். பின்னேரம் ஏழு மணிக்கு லண்டன்காரருடன் எனக்கு மீட்டிங். அங்கே அப்போது பகல் இரண்டரை. நான் கதைக்கத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் என் முகம் திரையில் அப்படியே உறைந்துவிட்டதாம். வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் மூடியபடி, பல் பிடுங்க வந்தவனைப் போல. யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் எடுத்து அலுவலகக் குழுவில் போட்டுவிட்டான். இன்றுவரை அதுதான் அங்கே எனக்கு ஸ்டிக்கர்.

ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம். அடுத்த நாளும் அதே ஏழு மணி, அதே உறைநிலை. எட்டரை, ஒன்பது மணிக்குத் தானாகவே சரியாகிவிடும். பகலில் பெரும்பாலும் கரைச்சல் இல்லை. இடைக்கிடை மத்தியானத்தில் ஒரு மணித்தியாலம் படுத்துவிட்டு எழும்பும். ஒரேயடியாகப் பழுதாய்ப் போனால் புதிது வாங்கலாம். இப்படி வேளைக்கு வேளை காய்ச்சல் வருகிற சாமானை என்ன செய்வது?

இணைப்புத் தந்த கம்பனிக்கு அழைத்தேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்டேன். பிறகு ஒரு பிள்ளை வந்து, "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தனீங்களோ?" என்று கேட்டது. பார்த்தேன் என்றேன். "இன்னொருக்கால் பாருங்கோ" என்றது. பார்த்தேன். மணி ஒன்பது தாண்டியிருந்ததால் சரியாகியிருந்தது. அவர்களுடைய கணக்கில் ஒரு முறைப்பாடு தீர்ந்தது.

எங்கள் வீட்டு ரவுட்டர் குடியிருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹோலில் உள்ள ஷோகேசின் மேல்தட்டு. ஒரு பக்கம் கனடா அக்காவின் கலியாணப் படம், மறுபக்கம் ஒரு பிஸ்கட் டின். பிஸ்கட் என்று நினைத்துத் திறந்துவிடாதீர்கள், உள்ளே ஊசி, நூல், தெறி. நடுவில் ரவுட்டர். அதற்கு அம்மா தன் கையால் பின்னிய வெள்ளை உறை. இரண்டு அன்டெனாவுக்கும் அளவாக இரண்டு ஓட்டை விட்டு, ஓரத்தில் நீல நூலால் பூ வைத்துப் பின்னியது. ரீவிக்கும் அதே நிறத்தில் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரு சோடி.

போன் திருத்தும் கடையில் வேலை செய்யும் தெரிந்த பெடியன் ஒருவன் வந்தான். உறையைக் கழற்றி ரவுட்டரின் முதுகில் கையை வைத்தான். "அண்ணை, இதிலை தோசை சுடலாம்" என்றான்.

ரவுட்டர் என்பது ஒரு குட்டிக் கம்பியூட்டர்தான். உள்ளே சூடு ஏறினால் அதுவும் தடுமாறும். காற்றுப் போகத்தானே அடியிலும் பக்கத்திலும் ஓட்டை வைத்திருக்கிறார்கள். அவன் உறையை மடித்து வைத்தான், பிஸ்கட் டின்னைத் தூரத் தள்ளினான். தகரம் சிக்னலை மறிக்குமாம். அது உண்மைதான். அம்மா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூசி விழுந்து பழுதாப் போனால் ஆர் பொறுப்பு?"

"பழுதாகாது அம்மா, அதுக்குக் காத்துப் படவேணும்."

"எனக்கும் இந்தக் குசினிக்குள்ளை காத்துப் படவேணும். அதை ஆரும் யோசிக்கேல்லை."

அன்று ஏழு மணிக்கு ரவுட்டர் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது. நெட்டும் அப்படியே குளிர்ந்து கிடந்தது.

அடுத்த சந்தேகம் அயலட்டை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை என்பது எங்கள் ஒழுங்கையைப் போல. பெயருக்குப் பதின்மூன்று சனல் இருந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் போகக்கூடியவை மூன்றே மூன்று: 1, 6, 11. போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன். அக்கம்பக்கத்து வீடு ஏழிலே ஐந்து ஆறாம் சனலில் குந்தியிருந்தன, நானும் சேர்த்து. நல்ல தண்ணிக் கிணற்றடியில் வாளியோடு நிற்கிற கூட்டம் மாதிரி. 11க்கு மாறினேன். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசைக்குக் கிட்டத்தான் வேலை செய்யும், அதுவும் கெடுக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சாமான் இல்லை. புட்டு நீத்துப்பெட்டியில் அவிகிறது, அதற்குக் கிகாஹெர்ட்ஸ் கிடையாது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாமென்றால், எங்கள் வீடு அப்பப்பா கட்டின சுண்ணக்கல் வீடு. அந்த அலை ஒரு சுவரைக் கடப்பதற்குள்ளேயே களைத்துவிடும். என் அறைக்கு வர இரண்டு சுவர்.

சனல் மாற்றியும் ஏழு மணி ஏழு மணியாகவே இருந்தது.

முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலையை ஆறாம் நாள் செய்தேன். ரவுட்டரில் இருந்து என் மடிக்கணினிக்கு நேரே ஒரு லான் வயர். வயர் வழியாக வேகம் வந்தால் குற்றம் வைஃபையில். வயரிலும் படுத்தால் வைஃபை பாவம், அதை விட்டுவிடலாம். பதினைந்து மீற்றர் வயரை ஹோலுக்குக் குறுக்கே, கதவுக்கு மேலால் இழுத்துக் கட்டினேன். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அதில் ஒரு துவாய் காய்கிறது.

"கொடி எண்டு நினைச்சன்" என்றார் அம்மா. "நல்ல உயரமாக் கட்டியிருந்தாய்."

துவாயை எடுத்துவிட்டு 'பிங்' போட்டுப் பார்த்தேன். பிங் என்பது "இருக்கிறீரா?" என்று கூப்பிட்டு, பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்ப்பது. 192.168.1.1, அதாவது எங்கள் ரவுட்டர், ஒரு மில்லிசெக்கனில் "ஓம்" என்றது. வெளியே 8.8.8.8 என்ற விலாசத்தைக் கூப்பிட்டால் ஆயிரத்து எண்ணூறு, இரண்டாயிரம் மில்லிசெக்கன். வழமையில் ஐம்பதைத் தாண்டாது. ஆக வைஃபையும் ஷோகேசும் நிரபராதிகள். அம்மாவின் பின்னல் உறையும் விடுதலை. குற்றம் வீட்டுக்கும் வெளிக்கும் நடுவில் உள்ள அந்த மெல்லிய செப்புக் கம்பியில். எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் பைபர் வரவில்லை.

வேறு யாரும் எங்கள் நெட்டை உறிஞ்சுகிறார்களோ என்று ரவுட்டருக்குள் போய்ப் பட்டியலைப் பார்த்தேன். ஒன்பது பேர் இணைந்திருந்தார்கள். எட்டுக்குக் கணக்குச் சொல்லலாம். ஒன்பதாவதுக்குப் பெயரே இல்லை, வெறும் எழுத்தும் இலக்கமும். இப்போதைய போன்கள் தங்கள் உண்மையான அடையாள இலக்கத்தை மறைத்து ஒரு பொய் இலக்கத்தைக் காட்டும், அதனால் பட்டியலைப் பார்த்து ஆளைப் பிடிப்பது லேசில்லை. எதற்கும் கேட்டுவைத்தேன்.

"அம்மா, ஆருக்கும் பாஸ்வேட் குடுத்தனீங்களோ?"

"எனக்கு அந்தக் கோதாரி பாஸ்வேட் நினைவே இல்லை. நீ எழுதித் தந்த துண்டையும் துலைச்சுப் போட்டன்."

நம்பினேன். பெற்ற தாய் அல்லவா.

இதற்கிடையில் ஒரு விசித்திரம் கவனத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நெட் பறந்தது. ஏழு மணிக்கும் பறந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"பறக்காமல் என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை சாமிக்குக் கற்பூரம் காட்டேக்கை அப்பிடியே அதுக்கும் ஒருக்காக் காட்டிப் போட்டுத்தானே கோயிலுக்குப் போறனான்."

லண்டன்காரருக்கு என்னவென்று எழுதுவது? 'தீபாராதனைக்குப் பின் இணைப்புச் சீராகும்' என்றா?

சனிக்கிழமை ஏழு மணிக்கு, பிங் ஓடிக்கொண்டிருக்க, வீட்டில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு போனேன். ரீவி. மாற்றமில்லை. மருமகளின் டப்லெட். அழுகை மட்டும் வந்தது, மாற்றமில்லை. கடைசியாக அம்மாவின் போன், சாமியறை வாசலில் சார்ஜில் கிடந்தது. கையில் எடுக்க வயரைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் பிங் 38. திரும்பச் சொருகினேன். அரை நிமிடம் போக 1,900. கழற்றினேன், 41. சொருகினேன், 2,100. மூன்றாம் தரமும் செய்து பார்த்தேன், தேவைக்காக இல்லை, சந்தோசத்துக்காக.

போனுக்குள் போனால், படங்களை இணையத்தில் ஏற்றிச் சேமித்துவைக்கும் செயலி மும்முரமாய் வேலை செய்துகொண்டிருந்தது. 'மீதம் 214'. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். அம்மா கோயில் வீதியில் நின்று ஒரு நாளையும் விடவில்லை. சுவாமி வெளிவீதி வந்தது ஒரு வீடியோ, சுவாமிக்கு முன்னால் நின்றவரின் முதுகு ஒன்பது வீடியோ. போன் வாங்கிக் கொடுத்த அன்று, 'வைஃபையில் மட்டும், சார்ஜில் இருக்கும்போது மட்டும் மேலே ஏற்று' என்று அதில் போட்டுவிட்டது யார் என்று கேட்காதீர்கள். டேட்டாவும் பற்றரியும் மிச்சமாகட்டும் என்று ஒருவன் புத்திசாலித்தனமாகச் செய்த வேலை அது.

மற்றது தானாக விளங்கியது. விளக்கு வைத்துவிட்டு அம்மா கனடா அக்காவுடன் கதைப்பார். பற்றரி முடியும். ஏழு மணிக்குச் சார்ஜில் போடுவார். மத்தியானமும் கதைத்த நாட்களில் மத்தியானமும் சார்ஜ். வெள்ளிக்கிழமை போன் அம்மாவோடு கோயிலுக்குப் போய்விடும். ஒன்பதரைக்கு, "அதுவும் ஒரு மிசின்தானே, கொஞ்சம் ஆறட்டும்" என்று ரவுட்டரையே நிறுத்திவிடுவார், ஆகவே இரவிலும் ஏறாது.

எங்கள் இணைப்பில் இறங்குகிற பாதைதான் அகலம், ஏறுகிற பாதை செக்கனுக்கு 1 மெகாபிட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்று கணக்குப் பார்த்தால், 1 ஜிபி மேலே ஏற இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். இறங்குகிறது எல்லாம் சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் வரும். அவை வந்து சேரச் சேர 'கிடைத்தது' என்று இங்கிருந்து பதில் போகவேண்டும், அந்தப் பதிலும் இதே ஒற்றையடிப் பாதையில்தான் போகவேண்டும். அங்கே அம்மாவின் வீடியோ, தேர் வடம் பிடித்த சனம் மாதிரி நெருக்கி நிற்கிறது. என் பதில் எங்கே நுழைவது? அதனால்தான் எதையும் ஏற்றாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவனுக்கும் நெட் நின்றது.

வரிசையின் நடுவில் ஒரு பூதம் இருந்தது. தேரன்று எடுத்தது. 52 நிமிடம், 6 ஜிபிக்கு மேல். இது ஒன்று ஏறவே பதின்மூன்று மணித்தியாலம். அம்மா ஒரு நாளைக்குச் சார்ஜில் போடுவது ஒன்றரை மணித்தியாலம்.

திறந்தோம். இரண்டு நிமிடம் தேர். பிறகு வானம், பிறகு அம்மாவின் விரல், பிறகு கும்மிருட்டு. நிறுத்த மறந்து கைப்பைக்குள் போட்டிருக்கிறார். மிச்சம் ஐம்பது நிமிடமும் கைப்பையின் உட்பக்கம். படம் இல்லாவிட்டாலும் சத்தம் அருமை. திறப்புக் கோர்வை கிலுங்குகிறது. கச்சான் சரை சரசரக்கிறது. கச்சான் உடைபடும் 'டக்', அதற்குப் பிறகு அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் வீட்டுக்கு நடந்து வரும் கதை.

"அழிக்கட்டே?"

"பொறு, பொறு. என்ன கதைச்சனாங்கள் எண்டு கேப்பம்."

கச்சான் விலை ஏழு நிமிடம். யாரோ ஒருவரின் மருமகளின் சீலை பதினொரு நிமிடம். அதற்குப் பிறகு நான். "அவனுக்கு என்ன வேலை எண்டு எனக்கே விளங்கேல்லை. அறைக்குள்ளை இருந்து ஆரோடயோ இங்கிலீசிலை புறுபுறுப்பான், மாதம் முடியக் காசு வரும்." அம்மா கதிரை நுனிக்கு வந்து, "சரி, காணும், அழி" என்றார். நான் போனைக் கொடுக்கவில்லை.

முப்பத்தொராவது நிமிடம். மாமியின் குரல்: "மகள் கோல் எடுக்கேக்கை டேட்டா முடிஞ்சு போகுது." இருட்டுக்குள் ஒரு கச்சான் உடைந்தது. பிறகு அம்மாவின் குரல், தேவாரம் பாடமாக்கிய பிள்ளையைப் போல, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். "எழுதிக்கொள்ளுங்கோ. முதலாவது பெரிய எழுத்து. எங்கட பழைய நாயின்ரை பேர். பிறகு தம்பி பிறந்த வருசம். கடைசியிலை ஒரு ஆச்சரியக்குறி."

நான் அம்மாவைப் பார்த்தேன். கதிரை வெறுமையாக இருந்தது. குசினியில் பானை மூடி விழுந்த சத்தம் கேட்டது.

பூதத்தை அழித்தேன், மிச்சத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றினேன், செயலியை நிறுத்தினேன். அடுத்த நாள் ஏழு மணி மீட்டிங்கில் என் முகம் ஒரு தரமும் உறையவில்லை. லண்டனில் சிலருக்கு ஏமாற்றம். முடித்துவிட்டு விறாந்தைக்கு வந்து நின்றேன். மதிலுக்கு மேலால் மாமியின் தலை தெரிந்தது.

"தம்பி, ரெண்டு மூண்டு கிழமையா ஏழு மணிக்கு மகளின்ரை முகம் அசையாமல் நிண்டது. இண்டைக்கு நல்ல தெளிவு. ஏதும் திருத்தினனீங்களோ?"