வசனம் எழுதித் தராத அவை: ஒரு மாதிரி நாடாளுமன்றத்தை நடத்திய அனுபவம்

நம் கல்லூரிகளில் மாதிரி நாடாளுமன்றம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் நாடகம்தான். எதிர்க்கட்சித் தலைவர் எந்த வாக்கியத்தில் கொந்தளிப்பார், அமைச்சர் எந்தப் புள்ளிவிவரத்தைச் சொல்லி அவரை அமரவைப்பார், மசோதா எத்தனை மணிக்கு நிறைவேறும் என்பதெல்லாம் முன்கூட்டியே தாளில் இருக்கும். இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1962இல் பம்பாயில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாட்டின் பரிந்துரையை ஏற்று, நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966-67இல் தில்லிப் பள்ளிகளில் இளையோர் நாடாளுமன்றப் போட்டியைத் தொடங்கியது. 1997-98இல் அது பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் விரிந்தது. ஒரு மணி நேர அளவுக்குள் பதவிப் பிரமாணம், கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மசோதா என எல்லாவற்றையும் நடுவர்கள் முன் காட்டியாக வேண்டும் என்றால், வசனம் எழுதி ஒத்திகை பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று குழுக்கள் முடிவு செய்துவிடுகின்றன.

எங்கள் பல்கலைக்கழகத்தின் மாதிரி நாடாளுமன்றக் குழுவும் பல ஆண்டுகளாக அப்படித்தான் இயங்கியது. நான் அதன் பொதுச் செயலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்டில், போட்டிக்கான அமர்வை வழக்கம்போல வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே இரண்டு நாள் அமர்வு ஒன்றை வசனமே இல்லாமல் நடத்துவது என்று புதிய நிர்வாகக் குழு முடிவெடுத்தது. முன்னாள் பொறுப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அல்லது எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பார்கள் என்பது அவர்கள் வாதம். பிற்பாடு இரண்டுமே நடந்தன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

முதல் தடை அனுமதி. நிர்வாகத் தரப்பில் பேச்சாளர்களின் உரைகளை முன்னதாகவே தரச் சொன்னார்கள். எங்களிடம் உரைகள் இல்லை, இருக்கவும் கூடாது. உரைகளுக்குப் பதிலாக, மக்களவையின் நடத்தை விதிகளிலிருந்து நாங்கள் தயாரித்திருந்த விதித் தொகுப்பையும் இரண்டு நாளுக்கான அலுவல் பட்டியலையும் கொடுத்தோம். தகாத சொற்களை அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சபாநாயகருக்கு அதிகாரம் தரும் 380ஆம் விதியையும், கட்டுப்பாட்டை மீறும் உறுப்பினரை இடைநீக்கம் செய்ய வழிசெய்யும் 374ஆம் விதியையும் எடுத்துக்காட்டி, தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அவைக்கே உண்டு என்று எங்கள் பொறுப்புப் பேராசிரியர் விளக்கியபோதுதான் இறுக்கம் தளர்ந்தது. உண்மையான கட்சிப் பெயர்களோ, பொதுவாழ்வில் இருப்பவர்களின் பெயர்களோ வரக்கூடாது என்ற நிபந்தனையுடன் அரங்கம் கிடைத்தது. பணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஒலிபெருக்கி, ஒளிநகல், தேநீர், அடையாள அட்டை ஆகியவற்றோடு செலவு முடிந்தது.

உறுப்பினர் தேர்வு அதைவிடச் சிக்கலானது. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் முதல் விருப்பமாகப் பிரதமர் பதவியையோ எதிர்க்கட்சித் தலைவர் பதவியையோ எழுதியிருந்தார்கள். பின்வரிசை உறுப்பினராக இருக்கவோ, செயலகத்தில் அமர்ந்து தாள்களை அடுக்கவோ விரும்பியவர்கள் அநேகமாக யாருமில்லை. அறுபது பேர் கொண்ட அவையில் ஆளும் தரப்புக்கு 35, எதிர்த்தரப்புக்கு 25 என இடங்களைப் பிரித்து, மேடைப் பேச்சில் சிறந்தவர்களை இரு தரப்புக்கும் பரவலாக அமர்த்தினோம். செயலகத்துக்கு மட்டும் ஆட்களை நாங்களே தேடிப் பிடித்தோம். பொதுச் செயலர் அவையின் உறுப்பினர் அல்லர், அவருக்கு வாக்கும் இல்லை, அவர் பேசவும் முடியாது. இது தெரிந்தே அந்தப் பொறுப்பை ஏற்றதால், அவையை முழுமையாகக் கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

சபாநாயகராக வந்தவர் ஆளும் தரப்பைச் சேர்ந்தவர். 1967இல் நீலம் சஞ்சீவ ரெட்டி சபாநாயகரானவுடன் கட்சியிலிருந்தே விலகியதை எதிர்த்தரப்பினர் எங்கிருந்தோ படித்து வந்து, இவரும் ஆளும் தரப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேற வேண்டும் என்று எழுத்து மூலம் கோரினார்கள். அவர் அன்றிரவே வெளியேறினார். சிரிப்புக்குரியதாகத் தோன்றினாலும், அதன் பிறகு அவருடைய தீர்ப்புகளை யாரும் சந்தேகிக்கவில்லை.

மக்களவையின் விதிகளை எங்கள் அளவுக்குச் சுருக்குவதற்கே அதிக உழைப்பு தேவைப்பட்டது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஏற்க அங்கே ஐம்பது உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். எங்களுக்கு ஆறு பேர் என்று வைத்தோம். அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை அரசமைப்பின் 100ஆம் உறுப்பின்படி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்பதால் அதுவும் ஆறே ஆயிற்று. கேள்விகளுக்கு அங்கே பதினைந்து நாள் முன்னறிவிப்பு. நாங்கள் ஐந்து நாளாக்கினோம். மக்களவையில் ஒரு நாளுக்கு இருபது நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், அதாவது அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் தர வேண்டிய கேள்விகள், குலுக்கல் முறையில் பட்டியலிடப்படும். நாங்கள் எட்டை எடுத்தோம்.

அமர்வு உயிர்பெற்றது கேள்வி நேரத்தில்தான். எழுதிய கேள்விக்கான பதிலை அமைச்சர் தயாரித்துவிடலாம். துணைக் கேள்வி எங்கிருந்து வரும் என்று அவருக்குத் தெரியாது. முன்பதிவில்லாப் பெட்டிகள் குறித்த கேள்விக்கு ரயில்வே அமைச்சர் சரளமாகப் பதிலளித்தார். அந்தப் பெட்டிகளில் மகளிருக்கான ஏற்பாடு பற்றி எழுந்த துணைக் கேள்வியில் திணறி, "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் தப்பிக்கும் வழி என்பதை மற்ற அமைச்சர்களும் உடனே கண்டுகொண்டார்கள். ஆனால் உண்மையான நாடாளுமன்றத்தில் அப்படிச் சொல்வது அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் சேர்கிறது; அதைக் கண்காணிக்கத் தனிக் குழுவே உண்டு. எங்கள் செயலகம் அத்தகைய வாக்கியங்களை எல்லாம் அன்று மாலையே பட்டியலிட்டு, மறுநாள் காலையில் பதில் வைக்கப்பட வேண்டும் என்று அமைச்சர்களின் கையில் கொடுத்தது. அன்றிரவு விடுதியில் அமைச்சரவை தூங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டாம் நாளில் அந்த வாக்கியத்தை ஒருவரும் சொல்லவில்லை.

ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவது முதலில் பெரும் தொல்லையாக இருந்தது. பேச வாய்ப்புக் கிடைக்காதவர்கள் எல்லோரும் "ஒழுங்குப் பிரச்சினை" என்று எழுந்து உரையாற்றத் தொடங்கினார்கள். 376ஆம் விதியின்படி அது அவையின் விதிகள் அல்லது அரசமைப்பின் விதிகள் மீறப்படுவது பற்றியதாகவும், அந்த நேரத்தில் அவை முன் உள்ள அலுவலைச் சார்ந்ததாகவும் இருக்க வேண்டும். சபாநாயகர் ஒவ்வொருவரிடமும் "எந்த விதியின் கீழ்?" என்று மட்டும் கேட்டார். நண்பகலுக்குள் அவையில் பாதிப்பேர் விதித் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பயிற்சி வகுப்புகள் எதுவும் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது. அமளிக்கும் குறைவில்லை, தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியதால் அவையின் மையப்பகுதிக்கு வருவதற்கு யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. எதிர்த்தரப்பு உற்சாகமாக வெளிநடப்புச் செய்த சிறிது நேரத்தில் அவர்களுடைய கவன ஈர்ப்பு அறிவிப்பே அடுத்த அலுவலாக வந்தது. பெயர் அழைக்கப்பட்டபோது உறுப்பினர் இல்லாததால் அது கைவிடப்பட்டது. தேநீர்க் கோப்பையுடன் திரும்பி ஓடிவந்த அந்த உறுப்பினரின் முகம் பரிதாபமாக இருந்தது.

எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்கு இடும் கொறடா ஆணை வேண்டுமா என்பதே எங்கள் நிர்வாகக் குழு அதிகம் சண்டையிட்ட விஷயம். 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் வந்த, கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்பின் பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்கலாம். அதை அப்படியே கொண்டுவந்தால் 35க்கு 25 என்ற முடிவு முதல் நாளே தெரிந்துவிடும். வசனம் எழுதாத அவையிலும் முடிவு மட்டும் எழுதப்பட்டிருக்கும். கொண்டுவராவிட்டால் அது இந்திய நாடாளுமன்றமே அல்ல என்று மறுதரப்பு வாதிட்டது. அரசு மசோதாக்களுக்கு ஆணை உண்டு, அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவுக்கு இல்லை என்று இறுதியில் ஒத்துக்கொண்டோம். இரண்டாம் நாள் பிற்பகல் முழுவதும் தனிநபர் மசோதாவுக்கென ஒதுக்கப்பட்டது. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியதை எங்கள் உறுப்பினர்கள் அறிந்திருந்ததால், தனிநபர் மசோதா வீண் சடங்கு என்று யாரும் அலட்சியப்படுத்தவில்லை.

மசோதாவைக் கொண்டுவந்தவர் ஆளும் தரப்பின் பின்வரிசையில் இருந்த கணிதத் துறை மாணவர். மக்களவைத் தேர்தலில் போட்டியிடும் குறைந்தபட்ச வயதை 25இலிருந்து 21ஆகக் குறைக்க, அரசமைப்பின் 84ஆம் உறுப்பைத் திருத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும் என்று அரசமைப்பே சொல்கிறது. வாக்குரிமை வயதும் 61ஆவது திருத்தத்தால் 21இலிருந்து 18ஆகக் குறைந்திருக்கிறது. பிறகு இது மட்டும் ஏன் அப்படியே நிற்க வேண்டும் என்று அவர் கேட்டார். மாணவர்கள் நிறைந்த அவையில் இதை எதிர்ப்பவர் இருக்க மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதுவரை ஒரு சொல்லும் பேசாதிருந்த முதலாண்டு மாணவி ஒருவர் எதிர்த்தரப்பிலிருந்து எழுந்து, 21 வயதில் போட்டியிட வாய்ப்பைப் பெறப் போவது நம்மில் யார் என்று கேட்டார். படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கா, அல்லது கட்சியில் ஏற்கெனவே இடம் பிடித்துவைத்திருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கா என்று அவர் தொடர்ந்தபோது, ஆளும் தரப்பிலேயே சிலர் மேசையைத் தட்டினார்கள். அந்தப் பேச்சு நான்கு நிமிடம்கூட இருக்காது. எந்தக் குழு வசனம் எழுதியிருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுத்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன்.

வாக்கெடுப்பு மணி மக்களவையில் போலவே மூன்றரை நிமிடம் ஒலித்தது, கதவுகள் மூடப்பட்டன. பச்சை, சிவப்பு, மஞ்சள் சீட்டுகளை எண்ணியபோது ஆதரவு 33, எதிர்ப்பு 19, வாக்களிக்க விரும்பாதவர்கள் நால்வர் என்று வந்தது. மூன்று பேர் அவைக்கு வரவில்லை. சபாநாயகர் சம வாக்கு வந்தாலொழிய வாக்களிப்பதில்லை. எண்ணிக்கையை அறிவித்தவுடன் அரங்கம் ஆரவாரித்தது. பிறகு சபாநாயகர், மசோதாவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் தீர்மானம் தோற்றது என்றார். "33 பெரியதா, 19 பெரியதா" என்று ஒரு குரல் கேட்டது. அரசமைப்புத் திருத்தத்துக்கு மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் கட்டத்திலேயே இந்த நிபந்தனை பொருந்தும். 31 என்ற முதல் நிபந்தனை நிறைவேறியது. 52 பேரில் 35 என்ற இரண்டாவது நிறைவேறவில்லை. பிரிவு வாரியான விவாதத்துக்கென நாங்கள் அச்சிட்டு வைத்திருந்த தாள்கள் கட்டுப் பிரிக்கப்படாமலே கிடந்தன.

மஞ்சள் சீட்டுக் கொடுத்த நால்வரும் குற்றவுணர்வோடு என்னிடம் வந்து, தாங்கள் ஆதரித்திருந்தால் வென்றிருக்குமா என்று கேட்டார்கள். கணக்குப் போட்டோம். ஆதரவு 37, வாக்களித்தோர் 56. மூன்றில் இரண்டு என்பது முப்பத்தேழேகால் வாக்குக்கும் சற்று மேல். அப்போதும் ஒரு வாக்கின் சிறு பின்னத்தால் தோற்றிருக்கும். 1970 செப்டம்பரில், முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தை ஒழிக்கும் மசோதா மாநிலங்களவையில் 149க்கு 75 என்று வாக்குப் பெற்று, 224இல் மூன்றில் இரண்டுக்கு ஒரு வாக்கும் முழுதாகக் குறையாத நிலையில் தோற்றதையும், மறு ஆண்டே 26ஆவது திருத்தமாக அது திரும்பி வந்ததையும் பேராசிரியர் அப்போது சொன்னார். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருந்த செய்தியை நால்வரும் மிகுந்த அக்கறையுடன் கேட்டுக்கொண்டார்கள்.

அமர்வு முடிந்த பின்னும் வேலை இருந்தது. ஒலிப்பதிவிலிருந்து அவைக்குறிப்பைத் தட்டச்சு செய்வதற்குப் பல வாரங்கள் பிடித்தன. இறுதியாண்டினர் தேர்வு முடிந்ததும் கலைந்துவிடுவதால், ஒவ்வொரு பொறுப்புக்கும் ஓர் இரண்டாம் ஆண்டு மாணவரைத் துணையாக அமர்த்தி, விதித் தொகுப்பையும் சபாநாயகரின் தீர்ப்புகளையும் ஒரே கோப்பில் சேர்த்து ஒப்படைத்தோம். புதிய குழு பொறுப்பேற்ற வாரத்திலேயே அந்தக் கணிதத் துறை மாணவர் அதே மசோதாவுக்கு மீண்டும் முன்னறிவிப்புக் கொடுத்திருக்கிறார். ஒரே கூட்டத்தொடரில் அவை முடிவு செய்த பொருளை மறுபடியும் எழுப்ப 338ஆம் விதி தடை விதிக்கிறது. அடுத்த பருவத்தில் நடக்கும் அமர்வு அதே கூட்டத்தொடரா, புதிய கூட்டத்தொடரா என்பதை எங்கள் தொகுப்பில் நாங்கள் எழுதவில்லை. புதிய சபாநாயகர் இரு தரப்பின் வாதங்களையும் எழுத்தில் கேட்டு, தீர்ப்பை ஒத்திவைத்திருக்கிறார்.